காய் பிடித்த கடுகு

மாட்டு டாக்டர் முழங்கை வரை நனைந்திருந்த கையோடு என்னைக் கூப்பிட்டார். "அந்தப் பண்ணையில கெமிஸ்ட் நீங்கதானே? கிட்ட வந்து மோந்து பாருங்க."

களத்துமேட்டில் எருமை கிடந்தது. வயிற்றைக் கிழித்து இரைப்பையைத் திறந்து வைத்திருந்தார். ஈக்கள் மொய்த்தன. அதற்கு முன் செத்த மாட்டின் அருகில் நான் நின்றதில்லை. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தேன். பிறகு தலைப்பை எடுத்தேன்.

முதலில் சாணியும் புளித்த தழையும் கலந்த நாற்றம். அதற்குப் பின்னால் இன்னொன்று எழுந்து வந்து மூக்கின் உச்சியில் குத்தியது. கண்ணில் நீர் கட்டியது. அந்த நெடியோடுதான் நான் ஒன்றரை வருஷமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன்.

"கடுகு" என்றேன்.

"எனக்கும் அப்படித்தான் தோணுது. ஊர்ல வேற மாதிரி சொல்றாங்க."

ஊரில் சொன்னது இதுதான். எருமைக்காரர் ரங்கய்யாவிடம் வேலை பார்த்த மாசிலாமணி, அரளி விதையை அரைத்துத் தவிட்டில் கலந்து வைத்துவிட்டார். நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் மாசிலாமணி போலீஸ் ஸ்டேஷனில் இருந்தார்.

தகரக் கூரைக்குக் கீழே ஒரு வேலை

நான் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. அப்போது திருவள்ளூர் மாவட்டம் என்று ஒன்று கிடையாது. எல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். அப்பாவுக்குப் பொன்னேரியில் ரயில்வே உத்தியோகம். ரசாயனத்தில் பட்டம் வாங்கிவிட்டு நான் வீட்டில் இருந்தேன். ஆசிரியர் வேலைக்கு மனு போடு என்றார் அப்பா. போட்டேன். பதில் வரவில்லை.

சென்னையில் ஓர் எண்ணெய் வியாபாரக் குடும்பம் இருந்தது. வடநாட்டுக்காரர்களுக்குக் கடுகெண்ணெய் விற்பவர்கள். வடக்கிலிருந்து வேகன் வேகனாகக் கடுகை வரவழைப்பதைவிட இங்கேயே பயிரிட்டால் என்ன என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. ஆரணியாற்றுக்கு வடக்கே ஒரு கிராமத்தில் நிலம் குத்தகைக்கு எடுத்து, பலவகைக் கடுகை விதைத்துப் பார்த்தார்கள். எந்த வகையில் காரம் அதிகம் என்று அளந்து சொல்ல ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் நான். கிராமத்தின் பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள்.

பண்ணையின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். அதற்குள் ஒரு மேஜை, ஒரு பம்ப் ஸ்டவ், கொஞ்சம் கண்ணாடிச் சாமான்கள். தழையையோ விதையையோ தண்ணீர் விட்டு நசுக்கி ஊறவைத்து, ஆவியில் காய்ச்சி வடிக்க வேண்டும். வருகிற காரத்தை வெள்ளி உப்புக் கரைசலில் பிடித்து அளக்க வேண்டும். காரம் இருந்தால் கரைசல் கறுக்கும்.

ஊரில் எல்லோரும் என்னை டீச்சரம்மா என்றார்கள். ஒரு பெண் பஸ் பிடித்து வேலைக்கு வந்தால் அவள் டீச்சராகத்தான் இருக்க வேண்டும். நானும் திருத்தவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் சற்று நேரத்தில் எழுந்து வேறு இடம் போவார்கள். வீட்டில் அம்மா என் புடவைகளைத் தனியாக ஊறப்போடுவாள்.

செடி சேர்த்துவைக்கும் காரம்

கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல் எல்லாம் ஒரே குடும்பம். பூவைப் பார்த்தால் தெரியும். நான்கு இதழ்கள் சிலுவை போல நிற்கும். கோஸ் வேகும்போது வீடெல்லாம் வருகிற வாடைக்கும், முள்ளங்கி நாக்கில் சுரீர் என்பதற்கும், கடுகு மூக்கில் ஏறுவதற்கும் மூலம் ஒன்றுதான்.

கடுகை மெல்லாமல் முழுசாக விழுங்கினால் ஒன்றும் செய்யாது. தண்ணீர் விட்டு அரைத்தால்தான் காரம். காரணம், செடி இரண்டு சரக்குகளைத் தனித்தனியே வைத்திருக்கிறது. புழுவோ மாடோ கடித்து நசுக்கும்போது இரண்டும் கலந்து காரம் பிறக்கிறது. ஓட முடியாத உயிர். கடித்தவன் வாயில் எரியட்டும் என்று ஓர் ஏற்பாடு.

அந்தக் காரம் எல்லா நாளும் ஒரே அளவில் இருக்காது என்பதைத்தான் நான் அந்த ஷெட்டில் கற்றேன். கோடையில் வருகிற முள்ளங்கி காரமாக இருக்கிறது என்று அம்மா காய்க்காரியிடம் வருஷா வருஷம் சண்டை போடுவாள். காய்க்காரி வேறு ஊர்ச் சரக்கைக் கலந்துவிட்டாள் என்பது அம்மாவின் முடிவு. பாவம், காய்க்காரி. வெயிலும் தண்ணீர்ப் பஞ்சமும் அந்த முள்ளங்கியை அப்படி ஆக்கியிருந்தன.

பண்ணை மேனேஜர் வேதாசலம், அரசாங்க விவசாய இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். கறாரானவர், நல்லவர். என் அளவுகளைப் பார்த்து முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது.

"ஒரே வகை, ஒரே பாத்தி. வாரம் ஒரு கணக்கு சொல்றியேம்மா. குடுவையைச் சரியாக் கழுவுறியா?"

கழுவினேன். மறுபடி வடித்தேன். மறுபடியும் அப்படியேதான் வந்தது. முளைத்து இரண்டு இலை விட்ட குருத்தில் காரம் நிறைய. செடி வளர்ந்து இலை அகலமானதும் குறைந்துவிடும். அப்போதும் நடுக்கொழுந்தில் உள்ள அளவு கீழ் இலையில் இருக்காது. புழு கடித்த செடி, கடிபடாத செடியைவிடக் கூடுதல். வாய்க்காலுக்குத் தூரத்தில் வாடி நின்றதும் அப்படியே. மொட்டு கட்டினால் ஏறும். காய் பிடித்தால் இன்னும் ஏறும். விதைக்குள் உச்சம்.

பண்ணையில் களை எடுத்தவர்களில் எஸ்தர் என்று ஒரு பெண். எனக்கு வேண்டிய தழையைப் பறித்துக்கொண்டு வருவதும் அவள்தான். ஏன் ஒரே செடியை இத்தனை முறை பறிக்கச் சொல்கிறேன் என்று ஒருநாள் கேட்டாள். சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"பொறந்தப்ப காரம். வளர்றப்ப சாந்தம். புள்ள உண்டானா மறுபடி காரம். பொம்பளைங்க மாதிரியே கீது, டீச்சரம்மா."

அந்த எஸ்தரின் கணவர்தான் மாசிலாமணி.

ரங்கய்யாவின் எருமைகள்

ரங்கய்யாவுக்கு மூன்று எருமைகள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அவரைப் பெரியவர் சிறியவர் எல்லோரும் நைனா என்பார்கள். பிள்ளைகள் சென்னைக்குப் போய்விட்டார்கள். அவரும் மனைவியும் எருமைகளும்தான். பால் கறப்பது, குளிப்பாட்டுவது, தழை போடுவது எல்லாம் மாசிலாமணி. காலனியிலிருந்து விடியற்காலையில் வருவார்.

பண்ணையில் பாத்திகளைக் கலைத்துவிடும்போது பிடுங்கிய இளங்கடுகை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். எஸ்தர் அதைக் கட்டாகக் கட்டிக் கணவரிடம் கொடுப்பாள். கார்த்திகை, மார்கழி முழுக்க எருமைகள் அதைத் தின்றன. பால் லேசாக வாடை அடிக்கிறது என்று ரங்கய்யாவின் மனைவி சொன்னதோடு சரி.

தை மாதத்தில் நெருங்கிய உறவில் ஒரு கல்யாணத்துக்காக நான் சில நாள் லீவில் இருந்தேன். வாய்க்கால் எட்டாத கோடியில் ஒரு வகை சரியாக வரவில்லை. புழு அரித்து, பாதி வாடி, ஆனால் காய் மட்டும் திரளாகப் பிடித்திருந்தது. அதைப் பிடுங்கி இடத்தைக் காலி செய்யச் சொன்னார் வேதாசலம். "மாட்டுக்குப் போடுங்க" என்றார். எஸ்தர் வழக்கம்போல் கட்டினாள். கட்டு பெரிதாக இருந்தது.

மறுநாள் காலையில் வைக்கோல் தீர்ந்திருந்தது. பசியோடு நின்ற எருமைகளுக்கு மாசிலாமணி அந்தக் கட்டைப் பிரித்துப் போட்டார். மூன்றும் ஆவலாகத் தின்றன. இளையது கொஞ்சம் தின்றுவிட்டு நிறுத்திக்கொண்டது.

மத்தியானம் பெரிய எருமை வாயில் நுரை தள்ளிக்கொண்டு படுத்தது. வயிறு ஊதி, காலை உதைத்தது. பொழுது சாய்வதற்குள் செத்துப்போனது. அடுத்தது மறுநாள் காலை. இளையது எழுந்திருக்காமல், தீனி எடுக்காமல் கிடந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பத்து நாளைக்கு முன்புதான் ரங்கய்யாவுக்கும் மாசிலாமணிக்கும் தெருவில் வாய்ச்சண்டை நடந்திருந்தது. மாசிக்குப் பிறகு கும்மிடிப்பூண்டிப் பக்கம் கட்டட வேலைக்குப் போகப்போகிறேன் என்று மாசிலாமணி சொன்னார். எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு இப்போது போகிறாயா என்று ரங்கய்யா கத்தினார். ஊர் முழுக்கக் கேட்டது. ஆகவே எருமைகள் விழுந்ததும் யாரும் வேறு காரணம் தேடவில்லை. கிராம முன்சீப் ஆள் அனுப்பினார். இரண்டாவது எருமை செத்த அன்று காலையிலேயே போலீஸ் வந்து மாசிலாமணியைக் கூட்டிக்கொண்டு போனது. லீவு முடிந்து நான் திரும்பியது அன்றுதான்.

எஸ்தர் கேட்டது

மாட்டு டாக்டர் எருமையின் இரைப்பையிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு பாட்டிலில் போட்டுக் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு நான் ஷெட்டுக்கு வந்தபோது எஸ்தர் வாசலில் உட்கார்ந்திருந்தாள். முதல்நாள் கட்டிய புடவை. தலை வாரவில்லை.

"அடிச்சிக்கீறாங்க, டீச்சரம்மா. ஒண்ணுமே பண்ணல அவரு. நான் எடுத்தாந்த தழையத்தான் போட்டாரு. ரெண்டு மாசமா எடுத்தாந்துகினுதான கீறேன்? அப்பல்லாம் இன்னா ஆச்சு?"

"கடைசியா எடுத்துப் போனியே, அதுல காய் இருந்துச்சா?"

"நெறைய இருந்துது."

பாட்டிலில் இருந்ததை வடித்தேன். அவள் வாசலிலேயே இருந்தாள். கரைசல் பழுப்பாகி, பிறகு கறுத்தது. நான் வெளியே வந்து சொன்னேன்.

"அப்போ நான் குடுத்த தழையாலதான் செத்துச்சு."

"ஆமா."

"அப்படின்னே சொல்லிடு. என் மேல வந்தா வரட்டும். அவர வுட்டாப் போதும்."

"உன் மேல வராது எஸ்தர். கொடுத்தது பண்ணை."

சொல்லும்போதுதான் அதன் மறுபக்கம் எனக்கு உறைத்தது. பண்ணைச் செடி எருமையைக் கொன்றது என்று நான் எழுதிக் கொடுத்தால், சம்பளம் கொடுப்பவர்களுக்கு எதிராக எழுதியதாகும். எனக்கு அது நிரந்தர வேலைகூட இல்லை. வீட்டில் இரண்டு தங்கைகள்.

வேதாசலம் வந்தார். கறுத்த கரைசலைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். பிறகு மறுபடி துடைத்தார்.

"காயில அதிகம்னு நீ சொன்னே. குடுவை அழுக்குன்னு நெனச்சேன்."

நான் ஸ்டவ்வை அணைத்தேன்.

"நம்ம செடிதான்னு எழுதிக் கொடுத்தா முதலாளி என்ன செய்வார் தெரியுமா? ஏற்கனவே விளைச்சல் போதலன்னு முணுமுணுக்கறார். பண்ணையையே மூடிட்டுப் போயிடுவார்."

"தெரியும் சார்."

"எழுதப்போறியா?"

"அந்த ஆள் ஸ்டேஷன்ல இருக்கார் சார்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். என்ன நினைக்கிறார் என்று தெரியவில்லை. அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்கு வேலை போய்விட்டதாகவே நினைத்துக்கொண்டேன். அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை.

கல்வத்தில் அரைத்தது

மறுநாள் காலையில் நான் போனபோது ஷெட்டின் முன்னால் ரங்கய்யா நின்றிருந்தார். கூடவே கிராம முன்சீப்பும் மாட்டு டாக்டரும். வேதாசலம்தான் ஆள் விட்டு அவர்களை வரவழைத்திருந்தார்.

ரங்கய்யாவின் முகம் வீங்கியிருந்தது. இரண்டு நாளாக அழுதவர் என்று பார்த்ததும் தெரிந்தது. கண்ணை உருட்டி மிரட்டுகிற ஆளை எதிர்பார்த்திருந்தேன். தோளில் துண்டு நழுவுவதைக்கூடக் கவனிக்காத ஒரு கிழவர்தான் நின்றார்.

"இன்னாம்மா, தழை துன்னு எர்மை சாவுமா? ரெண்டு மாசமா துன்ன தழைதான அது?"

எனக்குப் பேசிப் புரியவைக்கத் தெரியாது. இரண்டு கல்வங்களை எடுத்து வைத்தேன். ஒன்றில் அகலமான இலைகளைத் தண்ணீர் விட்டு நசுக்கினேன். "மோந்து பாருங்க" என்றேன். குனிந்து முகர்ந்தார். ஒன்றுமில்லை என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினார்.

இன்னொன்றில் அதே கோடிப் பாத்தியில் விட்டுப்போயிருந்த ஒரு செடியின் காய்களைப் போட்டு நசுக்கினேன். தண்ணீர் விட்டேன். "கொஞ்சம் பொறுங்க" என்றேன். எல்லோரும் சும்மா நின்றோம். பிறகு நீட்டினேன்.

ரங்கய்யா முகர்ந்ததும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துண்டால் துடைத்துக்கொண்டு மறுபடி முகர்ந்தார்.

"ஊட்ல ஆவக்காய்க்குக் கடுகு கலக்கறப்ப இப்படித்தான் வரும்."

"அதேதான். உங்க எருமை வயித்துல ஒரு கட்டு இந்தக் காய் போயிருக்கு. மென்னு, எச்சில்ல ஊறி, உள்ளே அத்தனையும் இப்படி ஆயிருக்கு."

"அப்போ அதே செடி இல்லியா?"

"அதே செடிதான். வயசு வேற. தண்ணி இல்லாம, புழு கடிச்சு, காய் வேற பிடிச்சிருக்கு. அப்போ தின்னப்ப இருந்த காரம் வேற, இப்போ இருக்கற காரம் வேற."

மாட்டு டாக்டர் இரைப்பையின் உள்தோல் வெந்துபோயிருந்ததைச் சொன்னார். அரளி விதையின் தடயமே இல்லை என்றும் சொன்னார். முன்சீப்புக்கு இன்னும் சந்தேகம்.

"அப்படியே இருந்தாலும், காயோட போடக் கூடாதுன்னு அந்தப் பையனுக்குத் தெரியாதா? வேணும்னே போட்டிருந்தா?"

அப்போது வேதாசலம் பேசினார். அதுவரை அவர் ஷெட்டின் மூலையில் நின்றிருந்தார்.

"மாட்டுக்குப் போடச் சொன்னது நான். படிச்ச எனக்கே தெரியல. காயில காரம் அதிகம்னு இந்தப் பொண்ணு அளந்து சொன்னதையும் நான் நம்பல. அந்த ஆளுக்கு எப்படிய்யா தெரியும்? யாரையாவது உள்ள வைக்கணும்னா என்னை வைங்க."

டாக்டர் எழுதினார், நான் எழுதினேன், எனக்குக் கீழே வேதாசலமும் கையெழுத்துப் போட்டார். அன்று சாயங்காலம் மாசிலாமணியை விட்டுவிட்டார்கள்.

முதலாளி வீட்டில் ரங்கய்யாவுக்கு ஈடு கொடுத்தார்கள். அறுவடை முடிந்ததும் பண்ணையை மூடினார்கள். வேதாசலம் என்னிடம் ஒரு வார்த்தை குறையாகப் பேசவில்லை. சென்னையில் தமக்குத் தெரிந்த ஒரு பரிசோதனைச் சாலைக்கு எனக்காகச் சிபாரிசு செய்துவிட்டுத்தான் போனார். அந்தக் கதையை வேறு இடத்தில் எழுதியிருக்கிறேன்.

காலனிக்கு வந்தவர்

மாசிலாமணி வெளியே வந்த மறுநாள் நான் எஸ்தரின் வீட்டுக்குப் போனேன். கூரை வீடு. உள்ளே சுவரில் ஏசுநாதர் படம். மாசிலாமணி கட்டிலில் சாய்ந்திருந்தார். ஒரு காது வீங்கியிருந்தது. என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தார், வேண்டாம் என்றேன். எஸ்தர் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே பிள்ளைகளின் சத்தம் திடீரென்று அடங்கியது. எட்டிப் பார்த்தோம். ரங்கய்யா வந்துகொண்டிருந்தார். அவர் காலனிக்குள் வந்து யாரும் பார்த்ததில்லை. வாசலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நின்றார். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

"மாசிலாமணி, நடந்தது நடந்துபோச்சு. நாளையிலேர்ந்து வேலைக்கு வா."

மாசிலாமணி சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"இல்ல நைனா."

"அடிக்கச் சொன்னது நான் இல்லடா."

"அடிய வுடு. அது ஆறிப்பூடும்." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "அந்தப் பெரிய எர்மை பொறந்தப்ப அதோட மூஞ்சத் தொடச்சு வுட்டது நான். அது சாவறப்ப நீ களத்துல குந்திகினு அழுத. எல்லாரும் உன்ன புடிச்சிகினு நின்னாங்க. நானும் அந்தாண்ட நின்னு அழுதுகினு இருந்தேன். நீ என்னப் பாத்து, 'பாரு, இன்னமா நடிக்கிறான்'னு சொன்ன. அத்த கேட்டப்பறம் எப்படி நைனா உன் ஊட்டுக்கு வருவேன்?"

ரங்கய்யா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி நடந்தார்.

நாலடி போனதும் மாசிலாமணி கேட்டார்: "சின்னது தண்ணி குடிக்குதா?"

ரங்கய்யா நின்றார். "இல்ல. யார் காட்டுனாலும் மூஞ்ச திருப்பிக்குது."

மாசிலாமணி கொடியிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். எஸ்தர் டம்ளரோடு நின்றாள்.

"வேலைக்கு வரல, நைனா. அதுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துர்றேன்."

இருவரும் முன்னும் பின்னுமாக நடந்து போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாசிலாமணி அதன்பிறகு காலையும் மாலையும் போய் அந்த எருமைக்குக் கஞ்சித் தண்ணீர் புகட்டினார் என்று எஸ்தர் சொன்னாள். துவண்டு கிடந்தது ஒருநாள் காலூன்றி எழுந்தது. அது மறுபடி அசைபோட ஆரம்பித்த வாரத்தில், புருஷனும் பெண்டாட்டியும் ஒரு டிரங்குப் பெட்டியோடு கும்மிடிப்பூண்டிக்குப் பஸ் ஏறினார்கள்.